நேராக்கா

சூட்டுப்பெட்டிக்குள் இருந்து வெளியே வரும் முதல் புத்தகக் கட்டின் மேல் நேராக்கா புறங்கையை வைத்துப் பார்க்கிறாள், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பதைப் போல. புத்தகங்களோடு ஒட்டிச் சுருங்கிய பிளாஸ்டிக் உறை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. பிறகு கட்டின் மூலையில் விரலால் ஒரு சுண்டு சுண்டுகிறாள். 'டப்' என்று கேட்டால் உறை இறுகியிருக்கிறது. 'தொப்' என்றால் தளர்ந்திருக்கிறது, சூட்டைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். இன்று 'டப்'. "ம், கிளம்பு" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிக் கட்டை அனுப்பி வைக்கிறாள். அது உருளைகளின் மேல் ஏறித் தடதடவென்று போகிறது.

அச்சகத்தின் கடைசிக் கூடம் இது. தாள்கள் அச்சாகி, மடிந்து, பசை போட்டு அட்டை ஒட்டி, மூன்று பக்கமும் வெட்டுப்பட்டுப் புத்தகமாகி வந்து சேரும் இடம். அங்கிருந்து வெளியே லாரியில் ஏறும் வரைக்கும் எல்லாம் அவள் பொறுப்பு. எண்ணி அடுக்கும் பொறி புத்தகங்களைப் பாதி இந்தப் பக்கம் முதுகு, பாதி அந்தப் பக்கம் முதுகு என்று மாற்றி வைக்கும். அப்படி வைக்காவிட்டால் முதுகுப் பக்கம் தடித்துப்போய் அடுக்கு சரியும். அடுத்தது உறை, அடுத்தது சூடு. அதன் பிறகு கம்பிவலைக் கூண்டுக்குள் நிற்கும் பெரிய இரும்புக் கை ஒவ்வொரு கட்டாகப் பற்றித் தூக்கி, மரப்பலகையின் மேல் வரிசை வரிசையாக இறக்கும். ஆளுயரம் தாண்டியதும் அந்த அடுக்கு வெளியே நகர்ந்து வந்து ஒரு வட்ட மேடையில் ஏறி நிற்கும். மேடை சுற்றச் சுற்ற, பக்கத்துத் தூணில் இருக்கும் சுருளிலிருந்து மெல்லிய உறை வந்து அதைச் சுற்றிக்கொள்ளும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வந்து தூக்கிக்கொண்டு போவார். அவ்வளவுதான்.

இரும்புக் கைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை.

"பின்ன என்ன? வர்றதுக்கு முன்னாடியே தனி இடம், தனிக் கூண்டு, தனி கரண்ட் லைன். வந்த அன்னைக்குப் பெரிய முதலாளியே வாசல்ல வந்து நின்னாரு. எங்க யாருக்காச்சும் அப்படி நின்னிருக்காரா? காத்து கொஞ்சம் குறைஞ்சா போதும், அப்படியே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னுடுவாரு. மாப்பிள்ளை முறுக்கு!"

காற்றழுத்தம் குறைந்தால் மாப்பிள்ளையின் பிடி தளரும். உடனே நின்று மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு அலறத் தொடங்கும். காகிதத் தூசி படிந்து அதன் கண் மறைந்தாலும் அதே கூச்சல்தான். அவள் அசைந்து அசைந்து போய், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றோடு தூக்கி மூக்கில் மாட்டி, திரையில் வந்திருக்கும் வரியை உதடசையப் படித்து, "அடடா, கண்ணுல தூசியா? அழாத" என்று துணியால் துடைத்துவிடுவாள். குள்ளமான, அகலமான உடம்பு. தலையில் வலைத்தொப்பி, தொப்பிக்குள் சொருகிய கறுப்புப் பேனா. எதைத் தேடினாலும் முதலில் கை தொப்பிக்குத்தான் போகும்.

நேராக்கா என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குக் கூடத்தில் இரண்டு கதைகள் உண்டு. யாரைப் பார்த்தாலும் "நேரா வை, நேரா வை" என்று சொல்வதால் 'நேரா அக்கா' என்று ஆகி, பேச்சில் தேய்ந்து நேராக்கா ஆகிவிட்டது என்பது ஒன்று. உலகத்தில் கோணலாக இருக்கும் எதையும் நேராக்காமல் விடமாட்டாள், அதனால் அப்படி என்பது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் விளக்கம். இரண்டாவதற்கே சாட்சிகள் அதிகம். காய்கறிக் கடையில் பேரம் பேசிக்கொண்டே தக்காளியை வரிசைப்படுத்துவாள். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன் நாற்காலிகளைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவாள். ஒருமுறை டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்து, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றபோது, இழுத்த மூச்சை விடாமலே கையை நீட்டிச் சுவரில் கோணியிருந்த காலண்டரை நேராக்கினாள். "மூச்சை விடுங்கம்மா" என்று டாக்டர் கத்த வேண்டியதாகிவிட்டது.

"வெளியில இருக்கிறதை எல்லாம் நேராக்குவா. வீட்டுக்குள்ள ஒண்ணு கோணிக்கிட்டுக் கிடந்தது, அதைத்தான் தொட மாட்டேன்னுட்டா" என்று அவள் கணவர் சொல்வார். வேன் ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு வாய் நீளும். ஏனென்றால் அதில் அடிபட்டவர் அவர்தான்.

வீட்டில் கோணிக்கிடந்தது இதுதான்: கீழ் வீட்டில் நேராக்காவும் கணவரும். மாடியில் கணவரின் தம்பியும் அவர் மனைவியும். குடும்பத்தில் அவளைச் சின்னவள் என்பார்கள். சின்னவளும் இதே அச்சகம், இதே கூடம். இருவரும் ஒரே பேருந்தில் ஏறி, ஒரே நிறுத்தத்தில் இறங்கி, ஒரே வாசல் வழியாக உள்ளே போவார்கள். மூன்று வருடமாக ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு முன்னால் அப்படி இல்லை. மாப்பிள்ளை வருவதற்கு முன்பு, புத்தகங்களைக் கையால்தான் கட்டினார்கள். ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் நேராக்கா, எதிரில் சின்னவள். ஒருத்தி பழுப்புத்தாளை மடிப்பாள், ஒருத்தி கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவாள். பேச்சு நிற்காது. மாமனார் குறட்டை முதல் மேனேஜர் தலைமுடிச் சாயம் வரை அந்த மேசையில் கட்டுப்படாத விஷயம் இல்லை. மாலையில் இருவருக்கும் முதுகு விட்டுப்போகும். சின்னவளுக்குக் கொஞ்சம் அதிகம். சில நாள் பேருந்துப் படியில் ஏறவே நேராக்காவின் தோளைப் பிடித்துக்கொள்வாள்.

புதிய பொறி வரப்போகிறது, கட்டுகிறவர்களில் ஒருவருக்குத்தான் அதை ஓட்டும் வேலை என்று தெரிந்தபோது, இருவரும் சேர்ந்தே போய்க் கேட்கலாம், யாருக்குக் கொடுத்தாலும் சரி என்று பேசி வைத்திருந்தார்கள். மேனேஜர் மேசைக்கு வந்த அன்று சின்னவள் விடுப்பு. மேனேஜர் கேட்டார்: "உங்களுக்குச் சரியா? இல்ல, உங்க தங்கச்சிக்கு விருப்பம் இருக்குமா?"

நேராக்கா சொன்னாள்: "அவளுக்கு முதுகு வலி சார். அவளால முடியாது."

அதற்குள் கெட்டது எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய இரும்போடு மல்லுக்கட்டினால் சின்னவள் படுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தாள். தனக்கே கிடைக்க வேண்டும் என்ற ஆசை அதில் நூலளவு கலந்திருந்ததா என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது.

மறுநாள் அந்த வார்த்தை சின்னவள் காதுக்கு வந்தது. முதுகு வழியிலேயே எங்கோ கழன்று விழுந்துவிட, 'முடியாது' மட்டும் போய்ச் சேர்ந்தது. "என்னால முடியாதுன்னு சொல்ல இவ யாரு?" என்று மாடியில் கேட்ட குரல் கீழே அடுப்படி வரைக்கும் வந்தது. அதுதான் கடைசி. சின்னவள் கூடத்தின் மறுகோடியில் இருக்கும் மடிப்புப் பிரிவுக்குப் போனாள். வீட்டில் மாடிப்படிக்கு வாய் இல்லாமல் போனது.

வாய் இல்லாவிட்டாலும் குடித்தனம் நடக்க வேண்டுமே. தண்ணீர் மோட்டார் ஒன்றுதான், வாசல் சாவி ஒன்றுதான். அண்ணன் தம்பி இருவரும் தபால்காரர்கள் ஆனார்கள்.

"மாமா, கீழ சொல்லிடுங்க. நாளைக்குத் துணி நான் காயப்போடறேன், கொடி எனக்கு வேணும்" என்று சின்னவள் நேராக்காவின் கணவரிடம் சொல்வாள். நேராக்கா பக்கத்திலேயே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க" என்பாள் நேராக்கா.

"கேட்டுச்சாம்" என்பார் அவர்.

தம்பி ஒருநாள் பொறுக்க முடியாமல், "அண்ணி, உங்களுக்கு நடுவுல நின்னு நின்னு நான் கன்வேயர் பெல்ட் ஆயிட்டேன்" என்றார். இருவருக்குமே சிரிப்பு வந்தது. ஒருத்தி கீழே சிரித்தாள், ஒருத்தி மேலே போய்ச் சிரித்தாள்.

பேருந்தில் சின்னவள் முன் பக்கம் உட்கார்ந்தால் நேராக்கா பின்னால். ஆனால் சின்னவள் படியில் ஏறத் திணறும் நாட்களில், அவள் ஏறி முடிக்கும்வரை நேராக்கா கீழேயே நின்று கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருப்பாள். கண்டக்டர் "ஏறும்மா" என்று அதட்டினாலும் அவள் தேடல் முடியாது.

இந்த வருடம் பள்ளிப் பாடப்புத்தக வேலை மொத்தமாக இந்த அச்சகத்துக்கு வந்தது. பள்ளி திறப்பதற்குள் முடிக்க வேண்டும். மாப்பிள்ளையைக் காலை ஷிஃப்டோடு நிறுத்தினால் நேரத்துக்கு முடியாது, மதிய ஷிஃப்டும் ஓட வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அதே சமயம் மடிப்புப் பிரிவுக்கும் ஒரு பெரிய பொறி வரப்போகிறது, அங்கே பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்ற பேச்சும் அடிபட்டது. சின்னவள் அந்தப் பாதியிலா இந்தப் பாதியிலா என்பது யாருக்கும் தெரியாது. மாடியில் விளக்கு அதிக நேரம் எரிவதை நேராக்கா பார்த்தாள்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா? இல்லாட்டி வெளியில இருந்துதான் எடுக்கணும்" என்றார். நல்ல மனிதர். எதிரே நிற்பவரை உட்காரச் சொல்லாமல் பேசமாட்டார். நேராக்கா உட்கார்ந்ததும் மேசை மேல் இருந்த ஸ்டேப்ளரை நேராக்கினாள்.

"எங்க சின்னவ இருக்கா சார்."

மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். "அவங்களால முடியாதுன்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் ஸ்டேப்ளரிலிருந்து கையை எடுத்தாள். "சொன்னேன் சார். தப்பா சொல்லிட்டேன். இதுல தூக்கற வேலையே கிடையாது, எல்லாத்தையும் அவரு தூக்கிடறாரு. கண்ணும் காதும் இருந்தா போதும். முதுகு வலிக்காரிக்கு இதைவிட ஏத்த வேலை இந்தக் கூடத்துலயே இல்ல. அது அப்போ எனக்குத் தெரியல. தெரியாம வாயை விட்டுட்டேன்."

"சரி. அவங்களே வந்து கேக்கட்டும். விருப்பம் இல்லாதவங்களைக் கொண்டு வந்து நிறுத்தக் கூடாது."

அன்று மாலை கொழுந்தனிடம் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினாள். அவர் மாடி ஏறினார். சிறிது நேரத்தில் இறங்கினார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணி... அப்படியே சொல்லட்டா, கொஞ்சம் குறைச்சுச் சொல்லட்டா?"

"அப்படியே சொல்லு தம்பி."

"'உங்க அண்ணி போட்ட பிச்சையில எனக்கு வேலை வேணாம். அவங்க முடியாதுன்னா முடியாது, முடியும்னா முடியுமா? என்னைப் பத்திப் பேசறதுக்கு நான்னு ஒருத்தி இருக்கேன்'னு சொல்றா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நேராக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கணவர்தான் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார்.

பாடப்புத்தக வேலை தொடங்கி, மதியத்துக்கு இன்னும் ஆள் கிடைக்காமல், மும்முரமாக இருந்த ஒரு முற்பகலில்தான் அது நடந்தது. வட்ட மேடையின் மேல் ஓர் அடுக்கு ஏறிச் சுற்றத் தொடங்கியிருந்தது. நேராக்கா சூட்டுப்பெட்டி ஓரமாகக் குனிந்து, தீர்ந்துபோன உறைச் சுருளுக்குப் பதில் புதியதை மாட்டிக்கொண்டிருந்தாள். முதுகு மேடைப் பக்கம். மேடைக்கு அந்தப் பக்கம், தரையில் போட்டிருக்கும் மஞ்சள் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் குந்தி உட்கார்ந்து தன் வண்டிச் சக்கரத்தில் சிக்கிய கயிற்றைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அடியில் இருந்த மரப்பலகையின் ஒரு சட்டம் விரிசல் விட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேடை சுற்றச் சுற்ற அந்தச் சட்டம் உள்வாங்கியது. ஆளைவிட உயரமான அடுக்கு, தூங்கி விழுகிறவன் தலையைப் போல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓட்டுநர் இருந்த பக்கம்.

தண்ணீர் பிடிக்க வந்த சின்னவள்தான் அதைப் பார்த்தாள்.

"அக்கா! நிறுத்து!"

நேராக்கா திரும்பவில்லை. என்ன, எங்கே என்று கேட்கவில்லை. நிமிரக்கூட இல்லை. கை தானாகப் போய்ப் பக்கத்துத் தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தது. மேடை நின்றது, மாப்பிள்ளை ஒரு கட்டைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றார், உருளைகள் நின்றன. அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பாதி சுற்றிய உறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, அடுக்கு சாய்ந்தபடி நின்றது. ஓட்டுநர் நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்து, எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

எல்லோரும் பார்த்தது அடுக்கை இல்லை. இந்த இருவரைத்தான்.

"மூணு வருஷம் கழிச்சு வாயைத் திறந்தீங்க" என்றார் ஓட்டுநர், மூச்சு வாங்க. "இன்னும் ஒரு நிமிஷம் ரோஷமா இருந்திருந்தா நான் அட்டைப்படம் ஆயிருப்பேன்."

யாரோ சிரித்தார்கள்.

மேனேஜர் படியிறங்கி ஓடி வந்து, யாருக்கும் அடி இல்லை என்று பார்த்த பிறகு, பலகையின் அடியைக் குனிந்து பார்த்தார். இனி எந்தப் பலகையையும் தட்டிப் பார்க்காமல் உள்ளே விடக் கூடாது என்று அங்கேயே சொன்னார். அடுக்கைப் பிரித்து வேறு பலகைக்கு மாற்ற வேண்டும். மாப்பிள்ளைக்கு ஏற்றத் தெரியும், இப்படிச் சாய்ந்ததை இறக்கத் தெரியாது. கையால்தான் செய்தாக வேண்டும்.

சாய்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுத்ததும், நேராக்கா உறையை மேலே மட்டும் கிழித்து, ஏணிப்படியில் ஏறி நின்று, மேல் வரிசையில் முதல் கட்டை எடுத்தாள். வாங்க ஆள் வேண்டும் என்று திரும்பினால், சின்னவள் கீழே கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ தூக்காத. முது..." என்று தொடங்கிய நேராக்கா வாயைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லு. முதுகுன்னுதானே சொல்ல வந்த?"

"ஆமா."

"குடு."

கொடுத்தாள். சின்னவள் குனியாமல், முழங்காலை மடக்கிக் கட்டை இறக்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. மற்றவர்கள் உதவிக்கு வந்தபோது ஓட்டுநர் அவர்களைக் கண்ணாலேயே தடுத்து, அடுக்கின் மறுபக்கத்துக்கு அனுப்பினார்.

"நீ சொன்னது என் காதுல விழுந்தப்போ எப்படி இருந்துச்சு தெரியுமா?" சின்னவள் நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள். "வெளியாள் சொல்லியிருந்தா தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன். நீ சொன்ன. என் கூடவே நின்னவ நீ. உனக்கே அப்படித் தோணுதுன்னா, நிஜமாவே நான் எதுக்கும் உதவாதவளோன்னு ஆயிடுச்சு."

நேராக்கா கையில் கட்டோடு அப்படியே நின்றாள். மூன்று வருடமாக அவள் மனதில் ஓடிய எந்தச் சண்டையிலும் சின்னவள் இப்படிச் சொன்னதே இல்லை.

"உன் உடம்புக்காகத்தாண்டி சொன்னேன்."

"என் உடம்பு என்கிட்டதானே இருக்கு? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல."

"கேட்டிருக்கணும்ல?"

"கேட்டிருக்கணும்." கட்டின் ஓரத்தை விரலால் நீவினாள். "அதுக்கப்புறம் வந்து சொல்லணும்னு தினம் நினைப்பேன். படியில கால் வைப்பேன். நீ கதவைச் சாத்தற சத்தம் கேட்கும். திரும்பி வந்துடுவேன்."

"நான் சாத்தறதே நீ கால் வைக்கற சத்தம் கேட்டுத்தான்" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்தது. புறங்கையால் துடைத்ததில் பசைக்கறை கன்னத்தில் ஒட்டியது. "லூசுங்க நாம ரெண்டு பேரும்."

"இப்போ கேக்கறேன். உனக்கு இந்த வேலை வேணுமா?"

"அந்தக் கட்டைக் குடு, கை வலிக்கப்போகுது உனக்கு" என்றாள் சின்னவள்.

மாலை பேருந்தில் முன் பக்கம் போய் உட்கார்ந்தவள், திரும்பிப் பார்த்தாள். நேராக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழி நெடுக வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பற்றி மட்டும் பேசினார்கள். அது தகராறு செய்யத் தொடங்கி எத்தனையோ மாதம், ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள், சொல்ல ஆள்தான் இல்லாமல் இருந்தது.

மறுநாள் சின்னவள் தானாக மேனேஜர் அறைக்குப் போனாள். உள்ளே நடந்ததை நேராக்கா பார்க்கவில்லை, ஓட்டுநர்தான் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டுவந்து ஒலிபரப்பினார். "'யாரும் சொல்லி வரல சார். எனக்கு இந்த வேலை வேணும், கத்துக்கறேன், தப்பு வந்தா என்னைக் கேளுங்க'ன்னு சொன்னா. உக்காரக்கூட இல்ல. நின்னுக்கிட்டே சொன்னா." மேனேஜர் ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

கற்றுக்கொடுப்பதில் நேராக்காவைப் போல மோசமான ஆள் கிடைப்பது கடினம். சின்னவள் திரையைத் தொட விரலை நீட்டினால், இவள் விரல் முந்திக்கொண்டு போய்த் தொட்டுவிடும். "இங்க பாரு, இப்படித்தான்" என்பாள். எப்படி என்று பார்ப்பதற்குள் முடிந்திருக்கும். இரண்டு நாள் பொறுத்த சின்னவள் மூன்றாம் நாள் இடுப்பில் கையை வைத்தாள்.

"அக்கா, இது என் கையா, உன் கையா?"

"உன் கைதான்."

"அப்போ உன் கையைப் பாக்கெட்டுல வை. தப்பா அமுக்கினா என்ன ஆகும்? மாப்பிள்ளை நின்னுடுவாரு. நின்னா நிக்கட்டும். எங்க நின்னாருன்னு தேடினாத்தான் எனக்குப் புரியும்."

நேராக்கா கையைக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்தாள். உள்ளே விரல்கள் துடித்துக்கொண்டிருந்தது வெளியே தெரிந்தது.

சின்னவள் தப்பாக அமுக்கினாள். பெரிய அளவுப் புத்தகத்துக்கான அடுக்கு முறையைச் சிறிய புத்தகத்துக்குக் கொடுத்து, மாப்பிள்ளை கட்டுகளுக்கு நடுவில் பல்லிடுக்குப் போல இடைவெளி விட்டு வைத்ததைப் பார்த்துத் தானே நிறுத்தினாள். வரிசைக்கு நடுவில் போடும் அட்டைத்தாளை மறந்தாள், பளபளப்பான மேலட்டைப் புத்தகங்கள் வழுக்கின, மறுபடி மறக்கவில்லை. இரும்புக் கை 'உஸ்' என்று மூச்சுவிடும் சத்தத்தை வைத்தே காற்றழுத்தம் குறைவதைக் கண்டுபிடிக்கத் தொடங்கினாள். மாப்பிள்ளை என்று மட்டும் கூப்பிட மறுத்துவிட்டாள்.

"மாப்பிள்ளைன்னு கூப்பிட்டா முறுக்கத்தான் செய்வாரு. நான் தம்பின்னுதான் கூப்பிடுவேன். தம்பின்னா சொன்ன பேச்சைக் கேட்பான்."

"எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் மாடியில இருக்காரு" என்றாள் நேராக்கா. "எந்தப் பேச்சைக் கேக்கறாரு?"

சின்னவள் சிரித்த சிரிப்பில் மடிப்புப் பிரிவிலிருந்து தலைகள் திரும்பின. வீட்டில் தபால்காரர்கள் இருவருக்கும் வேலை போனது. பழக்க தோஷத்தில் கொழுந்தன் ஒருநாள், "அண்ணி, மாடியில சொல்லச் சொன்னா..." என்று தொடங்க, "அதெல்லாம் பஸ்லயே பேசியாச்சு தம்பி" என்று அனுப்பிவிட்டாள்.

சின்னவள் தனியாக மதிய வேலையில் நின்ற முதல் நாள். நேராக்காவின் வேலை முடிந்துவிட்டது. கோட்டைக் கழற்றி மாட்டியாயிற்று, வீட்டுக்குப் போகலாம். போகவில்லை. கூடத்துக்கு வெளியே, தேநீர்க் கடைக்காரர் போட்டிருந்த பெஞ்சில் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே எதுவும் தெரியாது, கேட்கும். உருளைகளின் தடதடப்பு, இரும்புக் கை மூச்சுவிடும் சத்தம், மேடை சுற்றும் முனகல்.

"பஸ்ஸு போயிடும்" என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், தேநீரை உறிஞ்சியபடி.

"அடுத்ததுல போறேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மாப்பிள்ளையின் அலறல் கிளம்பியது. தடதடப்பு நின்றது. ஓட்டுநர் ஷட்டரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"என்னன்னு போய்ப் பாக்கலையா?"

நேராக்கா இரண்டு கைகளாலும் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தாள். அலறல் தொடர்ந்தது. தூசியா, காற்றா, கட்டு குறுக்கே விழுந்ததா என்று அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடி மறைந்தது.

"கூப்பிட்டா போவேன்" என்றாள்.

யாரும் கூப்பிடவில்லை. அலறல் சட்டென்று நின்றது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு பெரிய மூச்சு ஒன்று கேட்டது. உருளைகள் மறுபடி ஓடத் தொடங்கின. ஓட்டுநர் கோப்பையை உயர்த்தி ஷட்டரைப் பார்த்து ஒரு சலாம் வைத்தார்.

இடைவேளை மணி அடித்தது. ஷட்டருக்கு அடியில் குனிந்து சின்னவள் வெளியே தலையை நீட்டினாள். முகம் முழுக்க வேர்வை, தொப்பி ஒரு பக்கம். நேராக்கா அங்கே இருப்பதைப் பார்த்ததும், "போகலையா நீ? இரு, முகத்தைக் கழுவிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே மறைந்தாள்.

நேராக்கா பெஞ்சின் மேல் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.